சமக்குறிக்குப் பிறகு வெறும் தாள்

கல்வித்துறை தன் இணையதளத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துவிட்ட செவ்வாய்க்கிழமை காலை, அந்த வரியை நம்பிப் படித்த இருநூற்றுப் பதினாறு பேரின் நோட்டுகளில் விடைகள் மட்டும் காணாமல் போயின. கணக்கு இருந்தது, வழிமுறை இருந்தது, சமக்குறிக்குப் பிறகு வெறும் தாள். புதிதாக எழுதிய விடையும் மை காய்வதற்குள் மறைந்தது. பள்ளியில் கணக்கில் தோற்றவர்கள் நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று தேர்வுகளில் தேறினால் பள்ளிச் சான்றிதழ் உண்டு என்பதுதான் அந்த வரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் போர்வை பிழிந்த ஓர் அக்காவும் அதை நம்பித்தான் சேர்ந்தாள். சான்றிதழ் வந்தால் ஸ்டோர் பொறுப்புக்குப் போகலாம், ஈரத்தில் வெடித்த விரல்கள் ஆறும். இரண்டு தேர்வுகளில் தேறியும்விட்டாள். மூன்றாவதற்கு முன்னால் துறை கையை விரித்தது. அப்படி ஒரு வரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம்.

அக்காவின் தம்பி ஆவணக் காப்பகத்தில் இருந்தான். அரசு இணையதளங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலெடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துவது அவன் வேலை. பழைய வரி உள்ள நகல் அவனிடம் மட்டும்தான் இருந்தது. காணாமல் போன விடைகளும் அங்கேதான் போயிருந்தன. அவன் அறைச் சுவர் முழுக்க, அவரவர் கையெழுத்தில், பின்னங்களும் வர்க்கமூலங்களும். மதிய இடைவேளையில் மாணவர்கள் வந்து குறித்துக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவேட்டில் வந்த காரணம் என்ற கட்டத்தில் காவலாளி ‘விடை’ என்று எழுதினார். தையல்காரி ஒருத்தி தன் விடை தப்பென்று சுவரிலேயே கண்டுபிடித்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள். மாணவர்கள் புகார் கொடுத்ததில் விசாரணைக் குழு ஒன்று அமைந்து, பழைய நகலைக் கொண்டுவரச் சொன்னது.

“பயப்படாதக்கா. நகல் என்கிட்ட பத்திரமா இருக்கு. நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் அவனுக்குப் பேன் பார்த்தவள், கேட்பாளா?

விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் காப்பக இயக்குநர் அவனைக் கூப்பிட்டு, “இடம் பத்தலப்பா. ஒரு இணைய முகவரிக்கு ஒரு நகல் போதும். புதுசு இருக்கட்டும்” என்றார். அதற்கென்று கணினியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால் புது நகல் பழையதன்மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிடும். என்ன ஆனாலும் அதைத் தொடாதே என்பதுதான் காப்பகத்தில் முதல் நாள் பாடம். அவன் டிக் அடித்தான். தெரியாமல் செய்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது, அவ்வளவுதான். அவனுக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. நகல் இல்லை என்று குழு பதினோரு நிமிடத்தில் கோப்பை மூடியது.

“ஏன்டா?” என்று கேட்டாள் அக்கா.

“மேலிடத்து உத்தரவுக்கா. நான் என்ன பண்றது?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நாங்க அந்த வரியக் கையாலயாவது எழுதி வெச்சிருப்போம்.”

அன்று மாலையே விடைகள் சுவரை விட்டு இறங்கி அவன் உடம்பில் குடியேறின. மணிக்கட்டில் தொடங்கித் தோள், முதுகு, கழுத்து. சோப்புக்குப் போகவில்லை. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், மறுமாதம் முழங்கைக்கு மேல் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியிருப்பதாகச் சொன்னார். சான்றிதழ் கிடையாது என்றான பிறகும் யாரும் வகுப்பை விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே. அதனால் பேருந்து நிறுத்தத்திலும் வங்கி வரிசையிலும் ஆட்கள் அவனை நிறுத்தி, சட்டைக் கையை மடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அவனும் பழகிக்கொண்டான். ஒன்பது வருடம் இப்படியே போனது.

அக்கா வியாழக்கிழமைகளில் வருவாள், சலவைக்கூடத்து ஈரத்தோடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சார், கழுத்தைக் கொஞ்சம் திருப்புங்க” என்பாள். அவன் திருப்புவான். அவள் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.