படையலுக்கு வந்த சுஷி

இந்திராணி வாழையிலையின் ஓரத்தில் தட்டை வைத்ததும் பெரியப்பா லட்சுமணன் குனிந்து பார்த்தார். கறுப்புத் தாள்போல் எதையோ சுற்றிய சோற்று உருண்டைகள். சிலவற்றின்மேல் மீன் துண்டு.

"என்னம்மா இது, மீனு வேகவே இல்ல?"

"சுஷி, பெரியப்பா. பச்சையாத்தான் சாப்பிடணும். அப்பாவுக்கு உசுரு."

"கடலூர்ல பொறந்தவன் பச்ச மீன் தின்னான்னு ஊர்ல போயி எப்படிச் சொல்லுவேன்?"

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இன்றைக்குப் படத்தின்முன் வந்துவிட வேண்டும், விட்டுப்போனது விட்டுப்போனதுதான். சுறாப்புட்டு, அவித்த முட்டை, சிகரெட் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அப்பா பூவராகவன், ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்து உயிர் போகிறவரை, சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் இந்திராணியைக் கூட்டிக்கொண்டு போனது டெல்லி சப்தர்ஜங் என்கிளேவில் ஒரு சந்துக்குத்தான். புதிய கார் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பான்காரர்களுக்காக ஒரு ஜப்பானிய அம்மாள் தன் வீட்டு முன்னறையில் மேசை போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள். கிளார்க் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் இடம். அப்பா குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே எடுத்து, கண்ணை மூடி மெல்லுவார். வீட்டில் அவர் அப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

"அச்சா, ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், பெரியப்பா."

"பச்சையோ என்னமோ, சில்லுனு கெடக்கே. படையல்ல ஆவி பறக்கணும். செத்தவன் அதத்தான எடுத்துக்குவான்?"

இந்திராணி தட்டை எடுக்கக் குனிந்தாள். அம்மா அம்சவேணி அதை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். இந்திராணி பின்னால் போவதற்குள் உருண்டைகள் இட்லிக் குழிகளில் உட்கார்ந்திருந்தன.

"அம்மா, அத வேகவெக்கக் கூடாதும்மா."

"பசியோட போவச் சொல்றியா?"

இட்லிப் பானை மூடியிருந்தது.

தட்டு மறுபடி இலைக்கு வந்தபோது கறுப்புச் சுற்று நெகிழ்ந்து, சோறு உதிர்ந்து, மீன் வெளுத்திருந்தது. ஆவி நன்றாகப் பறந்தது. பெரியப்பா சூடம் காட்டினார். செத்தவர் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவில் அம்மா கேட்டாள்: "அங்க தொட்டுக்க என்ன குடுப்பாங்க?"

"கறுப்பா ஒரு தண்ணி. உப்பா இருக்கும். வாங்க மறந்துட்டேன்."

அம்மா அடுக்களைக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். மீன் குழம்பு. சாத்திய கதவை நடுவில் திறக்கக் கூடாது. பெரியப்பா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா உள்ளே போய்க் கிண்ணத்தைத் தட்டருகே தள்ளி வைத்தாள். பிறகு வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.