சரம் பின்னாத ராக்காயி

ஆமத்தூர் பாண்டிராஜுக்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் வேலை. வெட்டி மிஞ்சிய வண்ணத் துண்டுகளையும், பட்டாசுக் கம்பெனிகள் நசுங்கிவிட்டதென்று கழித்துப்போடும் வெறும் காகிதக் குழாய்களையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவான். அவற்றை ஒட்டி மாடு, மயில் என்று ஏதாவது செய்வான். 2006இல் விருதுநகர் ஓவிய ஆசிரியை இசைவாணி, கழிவுப் பொருட்களில் செய்த சிற்பங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார். அதற்காகத்தான் பாண்டிராஜ் முதன்முதலாக ஒரு மனுஷியைச் செய்தான்.

பக்கத்துத் தெரு ராக்காயி. சரவெடி பின்னும் வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் நடந்த விபத்தில் இறந்துபோனாள். குழாய்களால் உடம்பு, கறுப்பு மை படிந்த காகிதக் கீற்றுகளால் கூந்தல். குனிந்து உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தாள். விரல்கள் உயிரோடு இருப்பவை போல வந்திருந்தன. பார்த்துவிட்டு இசைவாணி, "இத வாசல்லயே வச்சிருவோம்" என்றார்.

கொண்டுபோகுமுன் ராக்காயியின் அக்கா மாரித்தாயைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் சிலையைச் சுற்றி வந்தாள்.

"செத்த பெறகும் வேல பாக்க வச்சிருக்கியே, பாண்டி."

"அவுக கை வேகத்த நெனச்சு செஞ்சேன்க்கா."

"எல்லாரும் அவ கையத்தான் பாத்தாக."

பாண்டிராஜ் கேட்டான்: "சும்மா இருக்கையில எப்படி இருப்பாக?"

"சும்மா எங்கன இருந்தா? சாயங்காலம் கம்பெனி பஸ்ல ஏறி உக்காந்தா, சிவகாசி வாரதுக்குள்ள கம்பியில சாஞ்சு தூங்கிருவா. அம்புட்டுதான்."

மறுநாள் அவன் அந்த விரல்களைப் பிரித்தான். பிரிக்கும்போது மனசு கேட்கவில்லை. சரத்தை எடுத்துவிட்டு, கைகளை மடியில் போட்டு, தலையை ஒரு பழைய ஜன்னல் கம்பியில் சாய்த்தான்.

கண்காட்சி அன்று இசைவாணி ஏமாந்துபோனார். "சரம் எங்க, பாண்டிராஜ்? அதுதான அழகே."

"வேல முடிஞ்சிருச்சு டீச்சர்."

சிலை உள்ளே, சுவரோரத்துக்குப் போனது. வாசலில் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் சிமெண்டுச் சாக்கில் செய்த யானை நின்றது. கூட்டமும் அங்கேதான்.

மாரித்தாய் மதியத்துக்கு மேல் வந்தாள். தங்கச்சியின் எதிரே நெடுநேரம் நின்றாள். கம்பியில் சாய்ந்திருந்த தலையைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"கழுத்து வலிக்கும்லே. அடியில எதையாச்சும் மடிச்சு வை" என்றாள்.

பாண்டிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான்.