இங்கிலீசு மட்டுந்தான்

1

இந்தக் கதை ஒரு போட்டி அறிவித்தலிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை வெட்கப்படுத்த வேண்டாம். மாவட்டக் கலைவிழாவுக்குச் சிறுகதை அனுப்பலாம், கருப்பொருள் ‘பாரம்பரிய வைத்தியமும் நவீன மருத்துவமும்’, ஆயிரத்தைந்நூறு சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் யாரோ ஒட்டியிருந்தார்கள். பாதியை டெங்கு சுவரொட்டி மறைத்திருந்தது. பரிசு என்ன என்பது அந்தப் பாதியில் இருந்தது.

என் பெயர் கிருஷாந்தன். வெள்ளாங்குளம் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன். (வரைபடத்தில் தேட வேண்டாம். கதைக்காக நானே கட்டிய ஆஸ்பத்திரி. கூரை ஒழுகுவதை மட்டும் வெளியிலிருந்து இரவல் வாங்கினேன்.) யன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஊர். குளிசை எண்ணிக்கொண்டே கதை யோசிப்பேன்.

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் மருந்துக்கும் மொழி உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குளிசை (மாத்திரை) எல்லாம் இங்கிலீசு மருந்து. கசாயம், எண்ணெய், பற்று எல்லாம் தமிழ் மருந்து; அதைச் செய்பவர் பரியாரியார். “காய்ச்சலுக்குத் தமிழ் செய்து பாத்தம், மாறேல்லை, பிறகு இங்கிலீசுக்குப் போனம்” என்று ஒருவர் சொன்னால் இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கதை இந்தக் கல்லில்தான் இடறி விழப்போகிறது.

2

தொடக்கம், முதலாவது முயற்சி:

‘பரியாரி இராசேஸ்வரியின் குடிசைக்குள் நுழைந்தபோது, மூலிகைப் புகையின் நடுவே இரண்டு கண்கள் மட்டும்…’

வெட்டிவிட்டேன். இராசேஸ்வரிக்குக் குடிசை இல்லை, ஓட்டு வீடு. வயது நாற்பத்தேழு. ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு திரிகிறவர். மாதம் ஒருமுறை என் யன்னலுக்கு வந்து தன் பிரஷர் குளிசையை வாங்கிப் போகிறவர். சீனி வருத்தக்காரர் (சர்க்கரை நோயாளிகள்) யாரும் அவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ரிப்போட் கொண்டு வந்தனீங்களோ?” இரண்டாவது, “கிளினிக்குக்குப் போறனீங்கள்தானே? அதை விட்டிட்டு என்னட்டை வரவேண்டாம்.” இப்படிப்பட்ட ஓர் ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஒரு மோதலை எழுதுவது, சொல்லுங்கள்.

இரண்டாவது முயற்சி:

‘ஈவிரக்கமில்லாத டொக்டர் நிவேதிகா, மேலைநாட்டு மூக்கைச் சுழித்தபடி…’

இதையும் வெட்டினேன். டொக்டருடைய மூக்கு யாழ்ப்பாணத்து மூக்கு. கிளினிக் நாளில் அந்த மனுஷி பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு விசுக்கோத்தை மத்தியானச் சாப்பாடாகச் சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரேயொரு குறை. தமிழ் மருந்து எடுக்கிறவர்களை அவர் ஏசுவதில்லை. எடுத்துவிட்டு மறைக்கிறவர்களைத்தான் ஏசுவார். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஏச்சு மட்டும்தான் கேட்கும், காரணம் கேட்காது.

(அவர் கேட்பது நியாயம். ஒரு வயிற்றுக்குள் இரண்டு மருந்து போனால் ஒன்றின் வேலையை மற்றது கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இதை நான் ஆஸ்பத்திரி ஆளாகச் சொல்கிறேன், கதைக்காரனாக அல்ல.)

இன்று புதன்கிழமை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, இராசேஸ்வரியின் பரியாரிப் பதிவை இரத்துச் செய்வதா என்று ஒரு விசாரணை இருக்கிறது. டொக்டர் எழுதிய கடிதத்தின் பேரில் நடக்கிறது. நான் இங்கே உட்கார்ந்து தொடக்கம் தேடிக்கொண்டிருப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்று உங்களுக்கே விளங்கும்.

3

மூன்றாவது முயற்சியில் பேச்சியம்மாவிடமிருந்து தொடங்கினேன்.

ஐம்பத்தெட்டு வயது. பதினொரு வயதில் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். இங்கே இத்தனை வருடம் இருந்தும் பேச்சில் இன்னும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்தான். கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும் கூலி வேலை, சீனி வருத்தம், முழங்கால் வலி. சீனிக்கு எங்கள் கிளினிக். முழங்காலுக்கு இராசேஸ்வரியின் எண்ணெயும் ஒரு கசாயமும்.

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஏழைக் கூலிப் பெண், ஒன்றும் அறியாதவர் என்று எழுதினால் நடுவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஆனால் பேச்சியம்மா அப்படி இல்லை. கசாயத்தைக் கடையில் விற்கும் நெல்லிச் சாறான நெல்லி கிறஷ் போத்தலில் ஊற்றி, லேபல் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறவர். டொக்டருக்கும் அவருக்கும் நடந்த பேச்சு யன்னல் வழியாக என் காதில் விழுந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை:

“பேச்சியம்மா, தமிழ் மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?”

“ஐயோ, இல்லைங்க டொக்டரம்மா. அது ரொம்பக் கசக்குமே.”

“கசக்கும் எண்டு எப்பிடித் தெரியும்?”

“பேசிக்கிட்டாங்க.”

4

அதே நாள், பத்து நிமிடம் கழித்து, என் யன்னல்.

பேச்சியம்மாவுக்கு டொக்டர் குளிசையை மாற்றியிருந்தார். பழையது காலையில் ஒன்று, இரவில் ஒன்று. புதியது இரண்டு மடங்கு வீரியம். அதனால் காலையில் பாதி மட்டும், இரவில் இல்லை. குளிசை போடும் உறைகள் மூன்று மொழியில் அச்சடித்து மூன்று அடுக்காக இருந்தன. தமிழ் அடுக்கு முடியப்போகிறது. அதனால் அன்று வந்த எல்லோரிடமும் உறையைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“தமிழோ, இங்கிலீசோ?”

பேச்சியம்மாவின் முகம் மாறியது. டொக்டரின் அறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பிக்கு அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“இங்கிலீசுதாங்க ஐயா. சத்தியமா இங்கிலீசு மட்டுந்தான். தமிழ் பக்கமே போறதில்ல.”

நான் இங்கிலீசு உறையை எடுத்தேன். அதில் காலை, பாதி என்று இங்கிலீசில் எழுதினேன். அதன் பிறகு

(இந்த வாக்கியத்தைப் பின்னால் முடிக்கிறேன்.)

5

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பேச்சியம்மா கச்சான் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். விடத்தல்தீவிலிருந்து மீன் விற்க வந்த கொலின்ஸ் தன் வான் வண்டியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். இரத்தத்தில் சீனி முப்பத்துநாலு (எழுபதுக்குக் கீழே போகக்கூடாது). இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் நான் இந்தக் கதையை இந்தத் தொனியில் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். டொக்டர் ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கண் விழித்த பேச்சியம்மா மூக்கைச் சுருக்கி, “நான் மீன் வாங்கவே இல்லையே” என்றார்.

டொக்டர் பேச்சியம்மாவின் மகள் சிவராணியிடம் விசாரித்தார். சிவராணி அழுதுகொண்டே நெல்லி கிறஷ் போத்தலைப் பற்றிச் சொன்னாள். பரியாரியாரின் கசாயந்தான் காரணம் என்று அன்றைக்கே டொக்டர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஊரும் தன் பங்குக்கு எழுதியது, வாயால். இராசேஸ்வரியின் வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்தன.

இனி போட்டிக்கு முடிவுகள்.

முதலாவது: பரியாரியார் தன் தவறை உணர்ந்து எண்ணெய்ச் சட்டியைக் கடலில் வீசுகிறார். (வெள்ளாங்குளத்திலிருந்து கடலுக்குச் சட்டியோடு ஸ்கூட்டியில் போகவேண்டும். சரிவராது.)

இரண்டாவது: டொக்டரும் பரியாரியாரும் கைகோர்த்து ஒரு வேப்பங்கன்று நடுகிறார்கள். அரசாங்க அதிபர் தண்ணீர் ஊற்றுகிறார். நடுவர்களுக்கு இது பிடிக்கும். எனக்குக் குமட்டியது.

மூன்றாவது: பேச்சியம்மா சாகிறார். கடைசி வரியில் கசாயப் போத்தல் உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டி நிற்கிறது.

உண்மையைச் சொன்னால் மூன்றாவதை முழுதாக எழுதி, நல்ல தாளில் பிரதியும் எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது.

6

சரி, நான்காம் பகுதியில் விட்ட வாக்கியம்.

அதன் பிறகு நான் வழக்கமாகச் செய்வது, உறையைக் கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்வது. ‘காலமை பாதி, இரவிலை வேண்டாம், திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்.’ ஊரில் பாதிப் பேருக்கு எந்த மொழியிலும் உறை வாசிக்க வராது. அதனால்தான் வாயால் சொல்வது. அன்று பேச்சியம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் சொன்ன பதில் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ‘தமிழ் பக்கமே போறதில்ல.’ என்ன ஒரு வசனம் என்று நினைத்தேன். மறந்துபோக முன்னர் எழுதிவைக்க வேண்டும் என்று பேனையை எடுத்து, ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். தலையை நிமிர்த்தியபோது அடுத்த ஆள் நின்றார்.

நான் உறையின் மொழியைக் கேட்டேன். அவர் மருந்தின் மொழி என்று பயந்து பதில் சொன்னார். அந்தப் பிழை அப்போதே எனக்கு அரைவாசி விளங்கியது. விளங்கியபடியால்தான் சிரிப்பு வந்தது. அவரோ வாசிக்கத் தெரியாத உறையோடு வீட்டுக்குப் போய், பழைய பழக்கப்படி காலையில் முழுக் குளிசை, இரவில் முழுக் குளிசை என்று போட்டிருக்கிறார். நாலு மடங்கு. கசாயத்துக்கும் ஒரு பங்கு இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

போன திங்கட்கிழமை இராசேஸ்வரி பிரஷர் குளிசைக்கு வந்தார். கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒரு பழைய உறையையும் கம்பிக்குள்ளால் நீட்டினார். இங்கிலீசு உறை, என் கையெழுத்து.

“பேச்சியம்மா போத்தலைத் திருப்பித் தர வந்தவ. பைக்குள்ளை இதுவும் கிடந்தது” என்றார்.

நான் அவருடைய குளிசையை எண்ணத் தொடங்கினேன்.

“தம்பி கதை எழுதிறனீங்களாமே?”

“ஓம் அக்கா. சும்மா.”

“எங்கடை கதையும் எழுதிறீங்களோ?”

“ஓம்.”

“அதிலை நான் ஆர், நல்லவளோ கெட்டவளோ?”

“இன்னும் முடிவெடுக்கேல்லை அக்கா.”

“கெதியா எடுங்கோ. வெள்ளிக்கிழமை அவையள் எடுத்துப்போடுவினம்.” குளிசையை வாங்கினார். ஹெல்மெட்டைப் போட்டார். உறையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் அதைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வெட்கம் தாங்கவில்லை.

7

நேற்றுப் பின்னேரம், எழுதி முடித்த ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். சிவராணி சத்தமாக வாசித்தாள். எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள், நான் நுனியில் இருந்தேன்.

‘கசக்குமே’ வந்த இடத்தில் பேச்சியம்மா குலுங்கிச் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் சிரிப்பு நின்றது. ஆறு முடிந்ததும் பேச்சியம்மா கேட்டார்.

“அப்போ நான் பொய் சொன்னதுக்கு சாமி குடுத்த தண்டனை இல்லையா அது?”

“இல்லை அம்மா. நான் வாய் திறந்து சொல்லாததாலை வந்தது.”

“நான் ரெண்டு மாசமா கோயிலுக்குப் போகல தம்பி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு.”

இதை நான் யோசிக்கவே இல்லை. கதைக்கு வேண்டிய துன்பமெல்லாம் அடுக்கி வைத்திருந்த எனக்கு இது தோன்றவில்லை.

பிறகு அவரே கேட்டார். “அந்த மூணாவதுல என்னையச் சாகடிச்சிட்டீங்களே?”

“அது போட்டிக்கு அம்மா.”

“பரிசு கெடைக்கும்னா சாகடிச்சிக்கங்க, எனக்கொண்ணும் இல்ல. அந்தம்மாவ மட்டும் விட்டுருங்க. எண்ணெய் தேச்சு வுட்ட கை.”

சிவராணி தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணா, அம்மா நெசமாவே கண்ணு முழிக்காம போயிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

பதில் எனக்குத் தெரியும். மூன்றாவது முடிவைத்தான் எழுதியிருப்பேன். பரியாரியாரைக் கெட்டவராக்கி, போத்தலை உருட்டிவிட்டு, முதல் பரிசும் வாங்கியிருப்பேன். இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

8

இன்று, வியாழக்கிழமை, காலை டொக்டரின் அறைக்குப் போனேன். வாயால் சொல்லத்தான் போனேன்.

“என்ன கிருஷாந்தன்?”

“ஒண்டுமில்லை டொக்டர். ஒரு கதை எழுதினனான். வாசிச்சுப் பாருங்கோ.”

ஏழு பகுதிகளையும் மேசையில் வைத்துவிட்டு என் யன்னலுக்குத் திரும்பிவிட்டேன். இந்த எட்டாம் பகுதி அவரிடம் இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் அவருடைய அறைக் கதவு பாதி திறந்திருப்பது தெரிகிறது. நோயாளி ஒருவர் வெளியே வந்து மற்றவர் உள்ளே போகும் இடைவெளியில் தாளை எடுத்து வாசிக்கிறார். இரண்டாம் பகுதியாக இருக்கவேண்டும், மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார். சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகத்தான் கதையை இவ்வளவு பகிடியாக எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரித்த முகத்தோடு ஆறாம் பகுதிக்கு வந்தால் கொஞ்சம் மெதுவாக அடிப்பார் என்று ஒரு நப்பாசை.

இன்னும் ஆறுக்கு வரவில்லை. அவர் வருவதற்கு முன் எழுந்து போய், “டொக்டர், பிழை என்ரை, பரியாரியாரின்ரை இல்லை” என்று வாயால் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது. ஏழு சொல்கூட இல்லை. எனக்கு விசாரணை வரும், வேலை போகலாம், இராசேஸ்வரியின் பதிவு தப்பும். ஆனால் வாசிக்க ஒருவர் இருக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன், அது என் கெட்ட பழக்கம். அன்றைக்கும் அதுதான் நடந்தது.

ஆகவே தயவுசெய்து, நீங்கள் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்துங்கள். நான் எழுந்து போகவேண்டும்.