மூன்று உலைகளும் ஒரு ரீசெட் பட்டனும்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் போட்டோவிலிருந்து வந்தது.

வார்ப்படத் தொழிலாளர் மலர் ஒன்றுக்காக, சிட்லபாக்கத்தில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, இரும்பு உருக்க எந்த மின் உலை நல்லது என்று கட்டுரை எழுதினேன். ஆர்க் உலை எந்தப் பழைய இரும்பையும் தின்னும், ஆனால் காது கிழியக் கத்தும். மின்தடை உலை அலுமினியத்துக்கு ஏற்ற சாது, ரொம்ப மெதுவு. இன்டக்ஷன் உலை வேகம், சுத்தம், உருகினதைத் தானே கலக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "உலையின் உள்சுவர் புதிதென்றால் ஈரத்தால் லீக் அலாரம் அடிக்கும். ரீசெட் செய்து தொடரலாம்" என்று சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து போட்டோ வந்தது. யாரோ அந்த வரியை வெட்டி, ஓர் இன்டக்ஷன் உலையின் கன்ட்ரோல் பேனலில் ஒட்டியிருந்தார்கள். கீழே, "ரொம்ப யூஸ்ஃபுல் மேடம்." ஐயோ!

2.
[சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மழை பெய்துகொண்டி] வேண்டாம். மழையை வைத்து எத்தனை பேர்தான் ஆரம்பிப்பது!

[ஜோவிதா பயந்து] பொய். போட்டோவில் இருந்த அந்த உலையின் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஜோவிதா லேசில் பயப்படுகிறவள் இல்லை. இப்போது அவள் பேனல் பக்கம் ஓடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. லீக் அலாரம் அடிக்கிறது. உள்சுவர் நாற்பது முறை உருக்கிய பழசு. நேற்றுதான் அதில் ஈர மண்ணால் பேட்ச் பூசினார்கள். அடிப்பது பேட்ச்சின் ஈரமா, சுவரைத் தின்று வெளியே வரும் இரும்பா? சுவருக்குப் பின்னால் செம்புக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. உருகின இரும்பு அதைத் தொட்டால் நீராவி வெடித்து, மேடையில் நிற்கும் எல்லோரும் காலி.

3.
உலையை ஓட்டும் ஜெபராஜ் ரீசெட்டில் கட்டைவிரலை வைத்தார். (முதல் வரைவில் இவரைச் சோம்பேறியாக எழுதினேன். அநியாயம். இருபது வருஷம் ஆர்க் உலை இரைச்சலில் நின்ற மனுஷன், இந்த பீப் அவருக்குக் கொசு.)

"அண்ணா, கைய எடுங்க. பவர ஆஃப் பண்ணி, எல்லாத்தையும் குழியில கொட்டிடலாம்."

"இன்னா மேடம் பேஜார் பண்றீங்க? நேத்து போட்ட பேட்ச்சு, ஈரம் கீது, கத்துது. தோ, இதுலயே போட்டுக்கீதே!" பேனலில் ஒட்டியிருந்த தாளைத் தட்டினார்.

"எழுதினவங்க இங்க வந்து நிக்கிறாங்களா?"

என்னைத்தான் கேட்டாள். நான் சிட்லபாக்கத்தில் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தேன்.

4.
முடிவுகள்:
(அ) கொட்டினார்கள். வெறும் ஈரம்தான். ஜெபராஜ் ஒரு வாரம் கிண்டல் பண்ணினார்.
(ஆ) கொட்டினார்கள். சுவர் விரல் தடிமன்கூட மிச்சமில்லை.
(இ) ரீசெட்டை அழுத்தி

இதை எழுத மாட்டேன்.

கவனித்தீர்களா, (அ)விலும் (ஆ)விலும் முதலில் கொட்டினார்கள். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கட்டுரையில் எழுதாமல் விட்டது நான்தான்.*

நான் எழுதச் சொல்லாமலே ஜோவிதா அந்தத் தாளைப் பிய்த்தாள். ஜெபராஜ் அவளைப் பார்க்கிறார். கட்டைவிரல் இன்னும் பட்டன் மேலேயே இருக்கிறது.

* அடுத்த மலருக்கு அனுப்பிய திருத்தம்: "அலாரம் அடித்தால் முதலில் உலையைக் காலி செய்யவும்." அச்சாக மூன்று மாதம் ஆகுமாம். நீங்கள் இப்போதே படித்துவிட்டீர்கள். ஜெபராஜிடம் நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம்.