எண் இல்லாத கிணறு

யாழ்ப்பாணத் தீவொன்றில் இருக்கும் இறுப்பிட்டியில் சிவரூபி ஒரு கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண்ணைக் கண்டுபிடித்தால், மறுநாள் விடிவதற்குள் ஊரில் ஓர் உப்புக் கிணறு நல்ல தண்ணீராகிவிடும். தீவுகளின் நிலத்தடி நீரைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு அவள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அதில் எடுத்தாண்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த எண்ணைக் கொடுத்தாக வேண்டும். எண்ணை இணையத்தில் தட்டினால், கட்டுரை உலகத்தில் எந்த மூலையில் கிடந்தாலும் வந்து நிற்கும். முதலில் இனித்தது கோயிலடிக் கிணறு. ஊர் சில நாள் வியந்தது, பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்து இனித்தவை எல்லாம் வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீட்டுக் கிணறுகள். ஆளில்லாத வளவில் கேட்காமல் அள்ளுவது அங்கே வழக்கமில்லை. ஆகவே சனம் வைபரில் கூப்பிட்டு, கனடாவில் ரொறன்ரோவை நித்திரையால் எழுப்பி, அனுமதி கேட்ட பிறகே வாளியை இறக்கியது. பக்கத்து வீட்டுப் பிரியவதனி வேலியோடு நின்று, "அக்கா, எங்கட வளவுக்கும் ஒரு கட்டுரை பாருங்கோவன்" என்று நச்சரித்தாள். சிவரூபி பார்த்தாள், அதுவும் இனித்தது.

இனிக்காதது சிவரூபியின் சொந்தக் கிணறுதான். அவளுடைய அப்பா பரமலிங்கம் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு சிறு சஞ்சிகையில் கட்டுரை எழுதியிருந்தார். சண்டைக் காலத்தில் சஞ்சிகை போயிற்று, அச்சகம் போயிற்று, இடம்பெயர்ந்த இடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது கட்டுரையின் மங்கிய பிரதி ஒன்றுதான். அன்றிலிருந்து கிணறும் உப்பு. அம்மா அம்பிகை பவுசர் வண்டியில் வரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அப்பாவுக்கு எண் வரும் என்று காத்திருந்தாள். சிவரூபி எங்கேதான் தேடவில்லை? தலைப்பைத் தமிழில் போட்டாள், ஆங்கிலத்தில் போட்டாள், எண் வழங்குகிறவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். சஞ்சிகைதான் பதிய வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. செத்துப்போன சஞ்சிகையை யார் போய் எழுப்புவது?

ஒருநாள் ஆத்திரத்தில், நோர்வேக் கிணறுகளைப் பற்றி எவரோ எழுதிய கட்டுரையின் எண்ணை எடுத்து அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். விடியப் பார்த்தால் கிணறு விளிம்புவரை நிறைந்து, ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. அம்பிகை ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்பினாள்.

"இது ஆரோ ஒருத்தற்றை தண்ணி. உன்ரை அப்பாவின்ரை இல்லை."

சிவரூபி அழுதுகொண்டே எண்ணை அழித்தாள். உப்பு திரும்பி வந்தது.

மேற்பார்வைப் பேராசிரியர் கல்நெஞ்சர் அல்லர். "எண் இல்லாததை வைச்சிருக்க ஏலாது. சட்டம் அப்பிடி. அந்த ஒண்டை எடுத்துவிடும், சிவரூபி" என்று தணிந்த குரலில்தான் சொன்னார். ஆய்வேட்டுக்குத் தவணைக்கு மேல் தவணை வாங்கியாயிற்று, இனி வாங்க வழியில்லை. பட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை. ஒரு பின்னேரம், பாவி மகள், ஆய்வேட்டிலிருந்து அப்பாவின் பெயரை எடுத்துவிட்டாள். ஒரு விசையைத் தட்டும் நேரம்தான் ஆயிற்று. வெளியே வந்து பார்த்தபோது கிணறு இல்லை. கட்டும் இல்லை, குழியும் இல்லை. புல் முளைத்த வெறும் தரைக்கு மேலே கப்பி மட்டும் தொங்கியது. பிரியவதனியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "உங்கட வளவிலை எப்பயக்கா கிணறு இருந்தது?"

ஊரில் வேறு எவருக்கும் அது ஞாபகமில்லை, பரமலிங்கம் என்று ஒருவர் இருந்ததும் ஞாபகமில்லை. அம்பிகைக்கு மட்டும் இருந்தது. பட்டம் வந்தது, வேலையும் வந்தது. அம்பிகை காலையில் எழுந்து கப்பியில் வாளியை இறக்குவாள். வாளி புல்லில் குந்தும், கயிறு தளரும். தலையைச் சரித்து, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"கயிறு காணாது, பிள்ளை" என்பாள் பிறகு.

இப்போதெல்லாம் கலாநிதி சிவரூபி வேலை முடிந்து வரும்போது வழியிலுள்ள வேலணையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முன்னையதைவிட நீளமான கயிறாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறாள்.