தமிழரசி சொன்னது

மதியச் சாப்பாட்டின்போது லோகு தன் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளும் தமிழரசியும் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். லோகுவுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வரும். ஆனாலும், "இந்தாளு இன்னாமா பேசறாரு, நீயே கேளு" என்று சத்தத்தைக் கூட்டினாள்.

கனத்த ஆண்குரல். அறுபது வருடங்களுக்கு முன் வந்த ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதன் நாயகி கடைசியில் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறாள். கோபத்தில் போகிறாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குரல் வேறு சொன்னது. "பூட்டினால் சாவி கையில் இருக்கும். சாவி கையில் இருந்தால் வீட்டையும் சுமந்துகொண்டு போவது போலத்தான்."

தமிழரசி எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். அது அவள் சொன்னது. போன மாதம் மாமல்லபுரத்தில், தீனாவின் டிபன் கடை மொட்டை மாடியில், அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கியதைத் தவிர ஒன்றும் மாறவில்லை.

அந்த மாடியில் மாதம் ஒரு ஞாயிறு காலை பழைய நாவல்களைப் பேசக் கூடுவார்கள். கடைக்காரன் தீனா, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி கோதண்டராமன், தமிழரசி, அவள் தோழி ஹெலன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஹெலனுக்குத் தரம் பார்க்கும் வேலை. எல்லோரையும்விட அதிகம் படிப்பவள் அவள்தான், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டாள். ஏதாவது கேட்டால் முந்தானையைத் திருகிக்கொண்டு, "நீங்கள்லாம் சொல்லுங்க" என்பாள்.

சமீபத்தில் ஐந்தாவதாக ஒருவன் வந்து சேர்ந்திருந்தான். ஆனந்தன், திருப்போரூரில் பிளாட் விற்பவன். வந்த அன்றே ஒவ்வொருவரிடமும் சொந்த ஊர் எது, அங்கே உப்பளம் உண்டா, உப்பங்கழி எவ்வளவு தூரம் என்று விசாரித்தான். தமிழரசியின் ஊர் கடப்பாக்கம் என்றதும் அவன் முகம் மலர்ந்ததை அவள் கவனித்திருந்தாள். பேச்சு நடக்கும்போது அவன் போன் பாயில் குப்புறக் கிடந்தது. மனை விளம்பரத்துக்கு அவனே வீடியோ எடுப்பவன் என்றும் சொல்லியிருந்தான்.

அன்று சாயங்காலமே அவள் கோதண்டராமனுக்குப் போன் செய்தாள். அவர் வீடியோவைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். பிளாட் விற்கிறவன் காரணமில்லாமல் எந்தப் படியும் ஏறமாட்டான் என்றார். தீனாவுக்கும் அதுவே தோன்றியது. ஹெலன் மட்டும், அவராக இருக்காது, பாவம் என்றாள். ஹெலனுக்கு யாரையும் தப்பாக நினைக்கத் தெரியாது என்று தமிழரசி எண்ணிக்கொண்டாள்.

அந்தச் சேனலில் இருந்த மற்ற வீடியோக்களையும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் ஆனந்தன் வந்து சேர்ந்த பிறகு போட்டவை. பாதிக்கு மேல் அவள் பேச்சு. கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். சார், நீங்கள் சொன்ன பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன் என்று ஒருவர். அண்ணா, என் அம்மாவும் இப்படித்தான் என்று ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் போடப்பட்டிருந்தது. அதைப் படிக்கப் படிக்க, தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல் அவளுக்கு இருந்தது.

அடுத்த கூட்டம் இல்லை என்று ஆனந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் ஒரு கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போட்டான். மற்ற நால்வரும் கடப்பாக்கம் போனார்கள். அங்கிருக்கும் ஆலம்பரைக் கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து அதே நாவலின் மிச்சத்தைப் பேசினார்கள். தமிழரசி வழக்கம்போல் பேசவில்லை. ஒரு வரி சொல்லுமுன் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். தீனா போனை எடுத்தால் எதற்கு எடுக்கிறான் என்று பார்த்தாள். அவன் கோட்டையையும் கழியையும் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தான். கோதண்டராமன் சட்டைப்பையைத் தொட்டால் அங்கேயும் அவள் கண் போயிற்று.

திரும்பும்போது ஹெலனும் அவளும் பின்தங்கினார்கள். அப்போதுதான் அவளுக்கு மனசு இளகியது. நாவலில் வரும் புருஷனைப் பற்றிச் சொன்னாள். கடைசி அத்தியாயத்தில் அவன் தனியாக வீட்டைப் பெருக்குகிறான். அதுவரை வெறுத்தவனை அந்த இடத்தில் வெறுக்க முடியவில்லை, துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறான் என்றாள். ஹெலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் புது வீடியோ வந்தது. "துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறான். அந்த இடத்தில் அவனை வெறுக்க முடியவில்லை" என்றது கனத்த குரல்.

தமிழரசி இரண்டாம் முறை போட்டுப் பார்க்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்கு பஸ் ஏறினாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில் காத்து நின்றாள். ஹெலன் இறங்கினாள், இவளைப் பார்த்தாள், உடனே முகம் வெளுத்துவிட்டது. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இருவரும் பழக்கடை ஓரமாக நின்றார்கள். பையில் போனை வைத்துப் பதிவு செய்ததையும், வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததையும், கம்ப்யூட்டர் குரலை வைத்துப் படிக்கச் செய்ததையும் ஹெலன் மறைக்காமல் சொன்னாள்.

"ஏன் எம்பேரு போடல?" என்று தமிழரசி கேட்டாள்.

"மொதல்ல உன்னைக் கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆளுங்க எழுத ஆரம்பிச்சிட்டாங்க. நான் பதில் போட்டேன். அவங்க திருப்பி எழுதனாங்க." ஹெலன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு நாலு பேரு முன்னால பேச வராது தமிழு. உனக்குத் தெரியும். அங்க நான் பேசிக்கினு இருந்தேன். உன் பேரைப் போட்டா அவங்க உன்னோட பேசுவாங்க."

தமிழரசிக்கு அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. "சரி. ஆனந்தனை ஒதுக்கனோமே, அப்பவாவது வாயத் தொறந்து இருக்கலாம்ல?"



மறுநாளே தமிழரசி திருப்போரூர் போனாள். ஊருக்கு வெளியே, கலர்க் கொடிகள் நட்ட பொட்டல் வெளியில், ஒரு தகரக் கொட்டகையில் ஆனந்தன் உட்கார்ந்திருந்தான். பிளாட் பார்க்க வந்தவள் என்று எண்ணி எழுந்தவன், தமிழரசி என்று தெரிந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டான். நடந்ததை அவள் முழுவதும் சொன்னாள். சந்தேகப்பட்டதில் முதல் ஆள் தானே என்பதையும் சொன்னாள்.

கூட்டம் நடந்தது அவனுக்கு அன்றே தெரியும். தீனாவின் ஸ்டேட்டஸில் கோட்டையைப் பார்த்தானாம்.

"பிளாட்டு விக்கிறவன் கூட உக்காந்தா கௌரவம் போயிடும்னு நெனச்சிட்டீங்கபோல, அப்படித்தான் எடுத்துக்கினேன் மேடம்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லாததே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று ஏன் எல்லோரிடமும் ஊரை விசாரித்தாய் என்று கேட்டாள். நாவலில் வரும் உப்பளத்து ஊர் நம் பக்கத்து ஊர்போலவே இருந்தது, எது என்று கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது என்றான். கடப்பாக்கம் என்று அவள் சொன்னதும், அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியதாம்.

திரும்ப வருவாயா என்று கேட்டதற்கு அவன் யோசிக்கிறேன் என்றான்.

ஹெலன் அந்தச் சேனலை அழித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு மற்றவர்களுக்கும் செய்தி அனுப்பினாள். கோதண்டராமன் பதிலே போடவில்லை. எங்கே போனார் அந்த ஆள் என்று லோகு சில நாள் தேடிக்கொண்டிருந்தாள். தமிழரசி தெரியாது என்று சொல்லிவிட்டாள். கீழே எழுதியவர்களில் அந்த அம்மாவைப் பற்றி எழுதிய பெண் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வந்தாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு ஆனந்தன் வரவில்லை. அதற்கும் அடுத்ததற்கு வந்தான். ஹெலனும் வந்திருந்தாள், தமிழரசிதான் வரச் சொன்னாள். எல்லோர் போனையும் கீழே கல்லாவிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது கோதண்டராமனின் புது ஏற்பாடு. அப்படியும் ஹெலன் கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தபோது எல்லோரும் ஒருகணம் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அன்றைக்கு வேறு நாவல். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே பம்புசெட்டுக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் கதை. கோதண்டராமன் தொடங்கினார், தீனா பேசினான். பிறகு ஹெலன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

 பாதி வாக்கியத்தில் நின்று மறுபடி தொடங்கினாள். தமிழரசி அவளைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். முதல் வாக்கியம், தான் எப்போதோ பஸ்ஸில் சொன்னதோ என்று சந்தேகம் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் தன்னுடையதா என்று உரசிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது சரியில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"அண்ணன், தம்பி ரெண்டு பேருக்கும் அந்தத் தண்ணி வேணாம்" என்றாள் ஹெலன். "மோட்டரு ஓடற சத்தம் வேணும். அந்தச் சத்தம் கேட்டாதான் அடுத்த வயல்ல இன்னொருத்தன் இருக்கான்னு தெரியும்."

ஆனந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தமிழரசிக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் ஹெலன் பக்கம் திரும்பினாள்.

"அது எந்த எடத்துல கீது?" என்று கேட்டாள். ஹெலன் பக்கத்தைப் புரட்டத் தொடங்கினாள்.