ஒரு ஆளை நம்பாத பட்டறை

போர் வந்ததும் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் என் அண்ணன் விஞ்ஞானி ஆகிவிட்டார். அதுவரை கதவுக் கீல் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், சோளம் உதிர்க்கும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதே மாதிரி செய்து விற்கத் தொடங்கினார். பழைய இயந்திரத்தின் பக்கத் தகட்டில் ஏதோ ஆணி பெயர்ந்த ஓட்டை இருந்தது. அதையும் விடாமல் எல்லா இயந்திரத்திலும் போட்டார். எதற்கென்று கேட்டால், காற்றோட்டமாம்.

உண்மையில் செய்தவர் என் கணவர். உருளையைக் கடைந்து, பற்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, மணி உடையாமல் உதிர வைத்தது அவர் கை. சல்லடைத் தகட்டில் துளை போடுவது நான். பெயர்ப்பலகையில் மட்டும் அண்ணன்.

இந்த ஆள் இல்லாமல் முடியாது என்று பட்டறை முதலாளி சொன்னால், படைக்கு ஆள் எடுப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதனால் அதிகாரி வருகிற அன்று காலையில் அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அவர் போயிட்டா பட்டறையே நின்னுடும்னு சொல்லுங்கண்ணே. அது போதும்."

"எனக்குத் தெரியாதா? நீ போய் வேலையைப் பாரு."

அதிகாரி வந்தார். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், பாராட்டினார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அதிகாரி என் கணவரைக் காட்டி, "இவரை எடுத்துக்கிட்டா உங்க வேலை நின்னுடுமா?" என்றார்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! இது என்ன ஒரு ஆளை நம்பி நடக்கிற பட்டறையா?"

உளியைப் போட்டுவிட்டு ஓடினேன். "சார், அண்ணன் பெருமைக்குச் சொல்றாரு. உருளை கடைய வேற ஆளே கிடையாது."

அதிகாரி சிரித்தார். "பொண்டாட்டி வேற எப்படிம்மா சொல்லுவா?"

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. அண்ணன் கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம். அதைவிட அதிகமாகப் பயம்.

லாரி ஏறும் இடத்துக்கு அண்ணனும் சலவைச் சட்டையோடு வந்தார். என் கணவர் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றார். அண்ணன் சும்மா இருப்பாரா? என் கணவர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டுபோய், ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த சிப்பாயிடம் நிறுத்தினார்.

"எங்க மாப்பிள்ளை சார். எந்த வேலையா இருந்தாலும் முதல் ஆளா இவரை அனுப்புங்க, அசத்திடுவாரு!"

சிப்பாய் என் கணவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.